மூலிகை வேதியியல் கிட்: ஜாடிக்கு நாலு நட்சத்திரம், கையேட்டுக்கு ஒன்று

அண்ணன் மகள் பார்மசி முதல் வருஷம் சேர்ந்த கையோடு ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்தாள். காட்டு மூலிகைகளில் உள்ள மருந்துப் பொருள்களை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாமாம். "அத்தை, நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்" என்றாள். மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். லீவு நாளிலும் அதே வேலையா என்று ஒரு சலிப்பு இருந்தது. ஆனாலும் ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியில் இருந்தவை: அலுமினியத் தகட்டில் பூசிய சிலிக்கா ஜெல் தட்டுகள் இருபது (சாற்றைச் சொட்டு வைத்து ஜாடியில் கரைப்பானில் நிறுத்தினால், அது ஏறும்போது கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துவிடும்), மூடி போட்ட கண்ணாடி ஜாடி, ஒரு கட்டு கேப்பிலரி குழாய், ஒரு யூவி (புற ஊதா) டார்ச், மூன்று சொட்டு பாட்டில்கள், நாலு பொட்டலம் காய்ந்த பட்டையும் இலையும், இருபத்தெட்டுப் பக்கக் கையேடு. ஆல்கலாய்டு என்னும் நைட்ரஜன் உள்ள தாவரப் பொருள்களை ஆரஞ்சாகக் காட்டும் டிராகன்டார்ஃப் கரைசல் பாட்டில் வழியிலேயே கசிந்து, மூடியெல்லாம் ஆரஞ்சுப் பொருக்கு. எத்தில் அசிட்டேட் மாதிரியான கரைப்பான்களை நாமே தனியாக வாங்க வேண்டும். அதைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஜாடியும் தட்டும் உண்மையிலேயே தரமானவை. முதல் தட்டு மட்டும் வீணானது, அதுவும் கையேட்டின் தயவால். சொட்டு வைக்கும் கோட்டைப் பேனாவால் போடச் சொல்லியிருந்தார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, சாற்றை முந்திக்கொண்டு மைதான் நீலமும் ஊதாவுமாகப் பிரிந்து ஏறியது. இந்த வேலையில் பென்சிலைத் தவிர எதுவும் கூடாது.

சிங்கோனா பட்டையில்தான் எங்களுக்கு ருசி பிடித்தது. கையேடு சொன்னபடி தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, டார்ச் அடித்தோம். மலேரியா மருந்தான குயினைன் இருந்தால் நீலமாக ஒளிர வேண்டும். மங்கலாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். "பட்டை கெட்டுப்போச்சா அத்தை?" என்றாள். பட்டையில் கோளாறில்லை. குளோரைடு குயினைனின் ஒளிர்வை அணைத்துவிடும், இவர்கள் கொடுத்த அமிலத்திலோ குளோரைடுதான் இருக்கிறது. சிட்ரிக் அமிலத்தில் புதிதாக ஊறவைத்தோம். விளக்கை அணைத்து டார்ச்சைப் பிடித்ததும் டியூப் முழுக்க நீலம், பால் கலந்த மாதிரி ஒரு நீலம். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொன்னேன். கண்ணெதிரே நிறம் வடிந்து போனது. அவள் அதையே மூன்று தடவை செய்து பார்த்தாள்.

குயினைனை 1820-இல் பிரெஞ்சுக்காரர்களான பெல்த்தியேவும் காவெந்துவும் பிரித்தெடுத்த கதை கையேட்டில் இருக்கிறது, சரியாகவே இருக்கிறது. சொல்லாமல் விட்டது குயினிடினை. அதே பட்டை, அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. இரண்டு கார்பன்களைச் சுற்றி அடுக்கு மட்டும் மாறியிருக்கும். ஒன்று மலேரியாவுக்குப் போனது, மற்றது இதயத் துடிப்பின் தாளக் கோளாறுக்குப் போனது. ஒரு செடிக்கு ஒரு மருந்து என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு பட்டையைக் காட்டினால் போதும்.

வில்லோ பட்டைப் பக்கத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. "ஃபெரிக் குளோரைடு விடுங்கள், ஊதா வரும், அதுவே ஆஸ்பிரின்" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பிழை. எங்களுக்கு வந்தது கரும்பச்சை. அது பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், ஃபெரிக் குளோரைடில் உள்ள இரும்போடு சேர்ந்து தரும் நிறம், டானின் உள்ள எந்தப் பட்டையும் இப்படித்தான் கறுக்கும். வில்லோவில் இருப்பது சாலிசின். 1828-இல் பூக்னர் பிரித்த பொருள் அது. ஊதா தருவது ஃபீனால் முனைதான், அதில் ஒரு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஊதா வராது. குடலில் அந்தச் சர்க்கரை கழன்று, பிறகு கல்லீரலில் ஆக்சிஜனேற்றம் நடந்துதான் சாலிசிலிக் அமிலம் பிறக்கிறது. ஆஸ்பிரினோ 1897-இல் பேயர் கம்பெனியில் சாலிசிலிக் அமிலத்தின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஏற்றிச் செய்தது. அந்த அசிட்டைலைத்தான் அது, ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுவின் நொதியில் ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. அந்தத் தட்டணு சாகும்வரை, எட்டுப் பத்து நாளுக்கு, நொதி எழுந்திருக்காது. மாரடைப்பு வந்தவர்களுக்கு தினம் கொஞ்சமாக ஆஸ்பிரின் கொடுப்பது இதை நம்பித்தான். பட்டைச் சாற்றில் அந்த அசிட்டைல் கிடையாது.

ஊதாவை எப்படியும் காட்டிவிட வேண்டும் என்று, நாள்பட்ட பாட்டிலின் அடியில் கிடந்த ஓர் ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்து வந்தேன். மூடியைத் திறந்ததும் வினிகர் வாசம். அசிட்டைல் கழன்று அசிட்டிக் அமிலமாகிவிட்டது என்று மூக்கே சொன்னது. ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டதும் நல்ல ஊதா, மிஞ்சிய சாலிசிலிக் அமிலத்தின் நிறம். ஆக, கையேடு சொன்ன அடையாளம் கெட்டுப்போன ஆஸ்பிரினுடையது. எங்கள் ஆய்வகத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் சரக்கைத் திருப்பி அனுப்புவோம்.

நித்தியகல்யாணிக்கு இரண்டு ஞாயிறு போனது. இலையை அரைத்து நேரே தட்டில் வைத்தால் பச்சையம்தான் எல்லாவற்றையும் மறைக்கிறது, யூவியில் பார்த்தால் ஒரே சிவப்பு. பழைய வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். அமிலத்தில் போட்டால் ஆல்கலாய்டு உப்பாகித் தண்ணீருக்குள் போய்விடும், பச்சையம் வெளியே நிற்கும். பிறகு அம்மோனியா விட்டுக் காரமாக்கினால் அது தண்ணீரை விட்டு எத்தில் அசிட்டேட்டுக்குத் தாவும். ஓபியத்திலிருந்து மார்ஃபினைப் பிரித்த செர்ட்யூர்னரும் அம்மோனியாவைத்தான் நம்பினார். இப்படிச் சுத்தம் செய்து தட்டை ஓட்டி, டிராகன்டார்ஃப் தெளித்ததும் ஏழு ஆரஞ்சுப் புள்ளிகள் எழுந்தன.

"இதில் புற்றுநோய் மருந்தைக் காண்கிறீர்கள்" என்கிறது கையேடு. காணவில்லை. இந்தச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உண்டு. புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் அதில் துளியிலும் துளி. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். எங்கள் கைப்பிடி இலையில் அது கண்ணுக்குப் படாது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்கூட ஒரே இடத்தில்தான்: முதலாவதில் மெத்தில், இரண்டாவதில் ஃபார்மைல். அந்த ஒரு மாற்றத்துக்கே, முதலாவது எலும்பு மஜ்ஜையை அதிகம் படுத்துகிறது, இரண்டாவது நரம்புகளை.

ஆர்ட்டிமிசியாவைப் பத்து நிமிஷம் கொதிக்கவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் செடியில் மலேரியா மருந்தைத் தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு முட்டிக்கொண்டதே சூட்டில்தான். 4-ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் செடியைக் கொதிக்கவைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன வரியைப் பார்த்துவிட்டு, குறைந்த சூட்டில் ஆவியாகும் ஈதருக்கு மாறினார்கள். 1972-இல் ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல். அதில் மருந்து வேலை செய்வது ஒரு பெராக்சைடு பாலம். அது யூவியிலும் தெரியாது, டிராகன்டார்ஃபுக்கும் ஆரஞ்சாகாது. வேறு கரைசல் தெளித்துச் சூடாக்கினால்தான் தெரியும். பெட்டியில் அது இல்லை. வெறும் தட்டைப் பார்த்துவிட்டு "செடியில ஒண்ணுமே இல்லையா?" என்றாள் பாவம்.

கடைசிப் பக்கத்துக்கு அரை நட்சத்திரம்கூட அதிகம். காட்டில் ஃபாக்ஸ்குளோவ் கிடைத்தால் பறித்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வரி, எச்சரிக்கை எதுவும் இல்லை. அதன் சாதிச் செடியிலிருந்து வரும் இதய மருந்தான டிஜாக்சின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டினாலே நஞ்சாகத் தொடங்கிவிடும். 1785-இல் ஃபாக்ஸ்குளோவ் பற்றிப் புத்தகம் போட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், இலையின் அளவை நிதானிக்கவே வருஷக்கணக்கில் நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். தட்டில் தெரியும் புள்ளி என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லும். எவ்வளவு என்று இந்தப் பெட்டியால் சொல்லவே முடியாது.

இன்னொரு குறை. இந்தத் தட்டுகள் 254 நானோமீட்டர் அலைநீள யூவி விளக்குக்கானவை, டார்ச்சோ 365. தட்டின் பாதித் திறமை அதனால் வீண். தனி விளக்கு வாங்கினால் கண்ணுக்குக் கண்ணாடியும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஒளி ஆகாது.

இவ்வளவு திட்டியும் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் வாங்கலாம். இன்னும் ஏழு தட்டு மிச்சம். கையேட்டின் ஓரமெல்லாம் அண்ணன் மகள் பென்சிலில் திருத்தம் எழுதி வைத்திருக்கிறாள். கம்பெனிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினோம். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, கூடவே அதே கையேட்டின் பிடிஎஃப்.