களக்காட்டுச் சாலைக்கு டீசல் காரா, பெட்ரோல் காரா?

வாழைத் தோட்டம், களக்காடு கடைத்தெரு, மாதம் ஓரிரு முறை திருநெல்வேலி என்பதுதான் எங்கள் வீட்டு வண்டியின் ஓட்டம். இதற்கு மூன்றாண்டுகள் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி அமைந்த டீசல் கார் வைத்திருந்து, அதை விற்றுச் சென்ற ஆண்டு பெட்ரோல் காருக்கு மாறினேன். என் சாய்வு பெட்ரோல் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைலேஜில் டீசலே மேல் என்பதில் வழக்கில்லை. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுதல் ஆற்றல் உண்டு. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் லிட்டருக்கு டீசல் 20 கிலோமீட்டரும் பெட்ரோல் 16 கிலோமீட்டரும் தந்தன. மாதம் 700 கிலோமீட்டர் ஓடும் எனக்கு இதனாலும் டீசலின் விலைக் குறைவாலும் மாதம் மிஞ்சியது ஏறத்தாழ 1,200 ரூபாய். டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒன்றேகால் லட்சம் இந்த வேகத்தில் திரும்பி வர எட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகும்.

ஆயினும் நான் மாறியதற்குக் காரணம் இந்தக் கணக்கு அன்று. புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களில் இது நிலையான உறுப்பாகிவிட்டது. ‘டீசல் இன்ஜின் லேசில் கெடாது’ என்று நம் பெரியவர்கள் சொல்வது இவ்வடிகட்டி இல்லாத வண்டிகளை ஓட்டிப் பெற்ற அறிவு. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காக இன்ஜின் தானாகவே சிறிது டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது நின்றுவிடாமல் சீராக ஓடினால்தான் அந்த வேலை முடியும். தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்திவிடும் எனக்கு அது பாதியிலேயே அறுந்துபோனது. அப்படி அறும்போதெல்லாம் கரி தங்கிவிடுவதோடு, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலிலும் கலந்துவிடுகிறது.

ஓர் ஐப்பசி அடைமழையில் எச்சரிக்கை விளக்கு முதன்முதலாக எரிந்தது. நாங்குநேரி போய், நான்குவழிச் சாலையில் வள்ளியூரைத் தாண்டும்வரை ஓட்டியதும் அணைந்தது. அடுத்த மாதமும் அப்படியே நேர்ந்தது. மூன்றாம் முறை வண்டி இழுக்கவே மறுத்தது. பட்டறையில் கணினியை இணைத்துக் கரியை எரித்தார்கள். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் அளவு மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும்? முகர்ந்தபோது டீசல் வாடை அடித்தது. நீர்த்துப்போன அந்த ஆயிலில்தான் டர்போவும் பேரிங்குகளும் ஓடிக்கொண்டிருந்தன என்பது கரி அடைப்பைவிட என்னைக் கலங்க வைத்தது.

என் மைத்துனரின் டீசல் பிக்கப்போ வாரத்தில் நான்கு இரவுகள் வாழைத்தார் ஏற்றித் திருவனந்தபுரம் போய் வருகிறது. அதுவும் பிஎஸ்6 வண்டிதான். பாரத்தோடு மணிக்கணக்கில் ஓடுவதால் புகைக்குழாய் எப்போதும் சூடாகவே இருக்கும், விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே பாரம் இழுக்கும் அந்த வலு பெட்ரோலில் கிடைக்காது. ஆகவே மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஒரு தடவை கிளப்பினால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் காருக்கு இதுவரை ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றியதோடு சரி. அது இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை என்பதால், லட்சம் கடந்தபின் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு என்பதால் மைலேஜ் சற்று அடிபடுவதும் உண்மை.

பழைய காரை நடந்ததையெல்லாம் சொல்லியே விற்றேன். வாங்கியவர் நாள்தோறும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருபவர். அவரிடம் போன பிறகு அந்த விளக்கு எரியவில்லை என்கிறார்.