நாலு வருடம் ஹியரிங் எய்டோடு: காது இரைச்சலும் பிசகிய சுருதியும்

வலது காதில் கொய்ங் என்ற சத்தம் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. மெஷின் போட்டு நாலு வருடம். மாடல் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒருத்தர் காதுக்கு அமைவது இன்னொருத்தருக்கு அமையாது.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பல்லடம் பக்கம் நாடா தறி ஷெட்டில் பதினெட்டு வருடம் நின்றவன் நான். தினம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டாலே காதுக்குக் கேடு என்கிறார்கள். ஷெட்டில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். காது கேட்கும் அளவைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தபோது, கீச்சென்ற 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. "உள்காதுல இருக்கற மயிரிழை செல்லுங்க போயிருச்சுங்ண்ணா. தலைமுடி மாதிரி திரும்ப முளைக்காது" என்றார் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் பெண்.

இரைச்சல் பழகிவிட்டது. என்னைப் படுத்தி எடுத்தது சத்தம் மாறிக் கேட்பதுதான். ஊர்க் கோயில் நோம்பியில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் ரெண்டு சுருதியில் வாசிப்பது மாதிரி இருந்தது. 'என்ன, பிசிறடிக்குதே' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து மகளின் சுருதிப் பெட்டியைப் போட்டு, ஒவ்வொரு காதாகப் பொத்திக் கேட்டேன். இடது காதில் ஒரு சுரம், வலது காதில் அதைவிடக் கொஞ்சம் ஏறிய சுரம். வித்வான் மேல் தப்பே இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாமியார் மெதுவாகச் சொல்வது காதில் விழாது. "சத்தமாச் சொல்லுங்க" என்பேன். சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்தறீங்க" என்று எரிந்து விழுவேன். கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவில் இடமே கிடையாது. எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி இருக்கும்.

இதற்குப் பயந்து கடையில் நாள் முழுக்கப் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பெரிய தப்பு. வெளிச்சத்தம் குறையக் குறைய மூளை உள்ளே வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. இரைச்சலும் ஏறியது, சத்தம் தாங்காத கோளாறும் ஏறியது. நடுவில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றி, டாக்டரிடம் திட்டு வாங்கியது தனிக்கதை.

சரி, மெஷினுக்கு வருவோம். முதல் வாரம் கழற்றி டிராயரில் போட்டுவிடலாம் என்றே நினைத்தேன். பேப்பர் மடிக்கிற சத்தம், கேரி பை சரசரப்பு, என் செருப்புச் சத்தம், எல்லாம் பாய்ந்து வந்தன. மூன்று தடவை ஆடியாலஜிஸ்டிடம் போய், பெரிய சத்தத்தின் உச்சத்தைக் குறைத்து, மெல்லிய சத்தத்தை மட்டும் தூக்கி வைத்த பிறகுதான் உட்கார்ந்தது. வாங்கின அன்றே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.

கொய்ங் நின்றதா? இல்லை. தெருச் சத்தம், பேச்சு, காக்கா எல்லாம் உள்ளே வரும்போது அது பின்வரிசைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். ராத்திரி கழற்றினால் முன்வரிசைக்கு வந்துவிடும். அதற்கு டேபிள் ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஓடும், மார்கழியிலும். ஐப்பசி மழையில் சில்வண்டு கத்தினால் வீட்டுக்காரியிடம், "வெளியவா, எனக்குள்ளயா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

சுருதி பிசகியது பிசகியதுதான். பேச்சு தெளிந்தது, பாட்டு தெளியவில்லை. கல்யாண மண்டபத்தில் மெஷின் சுத்தமாகத் தோற்றுவிடும். அங்கே சுவரை ஒட்டி உட்கார்ந்து, பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதுதான் வழி.

என்னுடையது பிரவுன் ஸ்டிக்கர் ஒட்டிய 312 பேட்டரி. காற்று பட்டால்தான் உயிர் வரும். அதனால் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். எனக்கு ஆறு நாள் வருகிறது. சித்திரை வியர்வையில் மெஷின் ரெண்டு முறை அடங்கிவிட்டது. அப்புறம் தினமும் ராத்திரி ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில்தான் தூங்குகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், குறும்பி அடைப்பு என்று ஒரு வாரம் பார்க்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். மருந்து பலிக்க நாள் கணக்குதான் இருக்கிறது. நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலும் காட்டிவிட வேண்டும்.

வலது காது மெஷினில் காதுக்குள் போகும் சிலிக்கான் குமிழ் மஞ்சளாகி விறைத்துவிட்டது, ஓரம் உறுத்துகிறது. அடுத்த மாதம் ஆடியோகிராம் எடுக்கப் போகும்போது மாற்ற வேண்டும்.