மேடைக்கு முழு மதிப்பெண், அரங்குக்குப் பாதிதான்

பல்கலைக்கழக மாணவர்களே ஆண்டுதோறும் நடத்துகிற டெட்எக்ஸ் நிகழ்வு ஒன்றுக்கு இந்த முறையும் போய்வந்தேன். டெட்எக்ஸ் என்றால், சுருக்கமான பேச்சுகளை மேடையேற்றும் டெட் (TED) அமைப்பிடம் உரிமம் வாங்கி அந்தந்த இடத்துக்காரர்கள் தாங்களே நடத்தும் பேச்சு நிகழ்வு. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. நடத்துகிறவர்கள் எல்லாரும் படிக்கிற பிள்ளைகள், குறை சொல்லும்போது பெயரைப் போட்டு மாட்டிவிட மனமில்லை. ஆனால் இந்த மாதிரி நிகழ்வுக்கு விண்ணப்பிக்கலாமா, ஒரு நாளைச் செலவழிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பேச்சுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. டெட் பேச்சுக்கு 18 நிமிடம்தான் உச்சவரம்பு. இங்கே பெரும்பாலானவர்கள் அதற்கு வெகு முன்பே முடித்துவிட்டார்கள், அதுவும் அவசரமாக ஓடி முடித்த மாதிரி தெரியாமல். இது தானாக நடக்காது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு மாணவரை ஒதுக்கி, முதல் வரைவிலிருந்து கடைசி ஒத்திகை வரைக்கும் கூடவே இருக்கவைத்திருக்கிறார்கள். தன்னைவிட முப்பது வயது மூத்த ஒருவரிடம் போய் "சார், இந்த இரண்டு பத்தியும் வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். மண் அரிப்பு பற்றிப் பேசிய பேராசிரியரிடம் அதன் பலன் நன்றாகத் தெரிந்தது. வந்தார், வணக்கம் சொன்னார், ஒரு கண்ணாடிக் குடுவையில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மேசையில் வைத்தார். மணல் உடனே அடியில் தங்கிவிட்டது. களிமண் மட்டும் பேச்சு முடிகிற வரைக்கும் கலங்கலாகவே நின்றது. வெள்ளம் எதை விட்டுவிட்டு எதை வெகுதூரம் அடித்துக்கொண்டு போகும் என்பதற்கு அவர் வேறு விளக்கப்படம் எதுவும் காட்டவில்லை, தேவைப்படவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடையில் நின்று சொந்தச் சரக்கை விற்கக் கூடாது என்பது டெட்எக்ஸ் விதி. தொழில் நடத்தும் ஒருவர் பேச்சின் முடிவில் கிளிக்கரை அழுத்திவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தார், திரை கறுப்பாக இருந்தது. மறுபடி அழுத்தினார், அப்போதும் கறுப்புதான். சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி இறங்கிவிட்டார். அவருடைய நிறுவனத்தின் பெயர் இருந்த ஸ்லைடை ஒத்திகையின்போதே நீக்கச் சொன்னார்களாம், அவர் கேட்கவில்லையாம், கணினி மேசையில் இருந்த மாணவி நீக்கிவிட்டார் என்று பிறகு ஒரு தன்னார்வலர் சொன்னார். சபாஷ்.

சரி, இப்போது அரங்குக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம். இந்தக் குழு நிகழ்ச்சியைக் கேமராவுக்காக நடத்துகிறது, எதிரில் உட்கார்ந்திருக்கிற நாம் அந்த வீடியோவுக்குப் பின்னணி, அவ்வளவுதான். காலையில் முன்வரிசைகள் ஸ்பான்சர்களுக்கென்று காலியாகக் கிடந்தன. கேமராவில் காலி நாற்காலி தெரிகிறது என்றதும் பின்னால் இருந்தவர்களை எழுப்பி முன்னால் உட்காரவைத்தார்கள். இரண்டாவது அமர்வுக்குள் ஸ்பான்சர்கள் வந்து சேர்ந்தார்கள், அதே ஆட்களை மறுபடி பின்னால் அனுப்பினார்கள். அதற்குள் அவர்கள் விட்டுவந்த இடத்தில் வேறு யாரோ! ஒரு பேச்சாளருக்கு மைக் கொரகொரத்தது, நடுவில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். அது பரவாயில்லை, பதிவுக்கு வேண்டும்தான். ஆனால் அதே நகைச்சுவைக்கு முன்பு சிரித்த மாதிரியே மறுபடி சிரிக்கும்படி தொகுப்பாளர் எங்களைக் கேட்டுக்கொண்டார் பாருங்கள், அங்கே எனக்கு வெறுத்துப்போயிற்று.

இதைவிடப் பெரிய குறை இடைவேளையில். இந்த மேடையில் பேச்சு முடிந்து கேள்வி-பதில் என்ற வழக்கமே கிடையாது. அப்படியானால் பேசியவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க இருப்பது இடைவேளை ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துப் பேச்சாளர்களை எல்லாம் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சமூக ஊடகத்துக்கான பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடுவைப் பேராசிரியரிடம் ஏரிக்கரை மண்ணைப் பற்றி ஒன்று கேட்கலாம் என்று அறை வாசலில் காத்திருந்தேன், "உள்ளே ஷூட் போகுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றார் வாசலில் நின்ற பையன். மரியாதையாகத்தான் சொன்னார், அதில் குறையில்லை.

அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. உரிமத்துக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அரங்கு, ஒளி, ஒலி, படப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பேச்சாளர்களுக்கு ஊதியம் கிடையாது என்பதால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் மேடையில் ஸ்பான்சர் தன் விளம்பரத்தைச் செய்யக் கூடாது என்பதும் விதி, ஆக ஸ்பான்சருக்குக் கொடுக்க இவர்களிடம் இருப்பது பெரும்பாலும் முன்வரிசையும் வெளிக்கூடத்தில் ஒரு மேசையும்தான். அதோடு, உரிமம் எடுக்கும் மாணவர் டெட் அமைப்பே நடத்தும் மாநாட்டுக்கு நேரில் போயிருந்தால் ஒழிய 100 பேருக்கு மேல் பார்வையாளரைச் சேர்க்க முடியாது. எந்த மாணவர் அங்கே போயிருக்கப்போகிறார்? அந்த 100 இடத்திலும் முன்வரிசை காலையில் காலி, வெளியே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் என்பதுதான் உறுத்துகிறது.

சென்ற ஆண்டும் இதே இருக்கை குழப்பம், இதே தனி அறை. அப்போது நடத்தியவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். உரிமமும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியது, குழுவும் புதிது. பேச்சாளரைத் தயார்படுத்தும் வித்தை மட்டும் எப்படியோ கைமாறி வந்திருக்கிறது, மற்றதெல்லாம் வரவில்லை. வரவும் வராது, ஏனென்றால் கடைசியில் கொடுத்த கருத்துப் படிவத்தில் எந்தப் பேச்சு பிடித்தது, அடுத்து யாரை அழைக்கலாம் என்றுதான் கேட்டிருந்தார்கள், அரங்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஓரத்தில் இருந்த காலியிடத்தில் இருக்கை, இடைவேளை இரண்டையும் பற்றி எழுதிக் கொடுத்தேன்.

பேச்சு மட்டும் போதும் என்றால் வீட்டிலேயே இருங்கள், சில வாரங்களோ மாதங்களோ கழித்து யூடியூபில் வந்துவிடும், கொரகொரப்பும் இருக்காது. மாணவராக இருந்து இப்படி ஒன்றை நடத்தும் ஆசை உள்ளவர்கள் மட்டும் நேரில் போங்கள், போனால் மேடையை விட்டுவிட்டுக் கணினி மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.