எஸ்.டி.எஃப்.: விளம்பரம் இல்லாத பொதுப் பலகையில் சில ஆண்டுகள்

எஸ்.டி.எஃப். (சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ்) என்பது உறுப்பினர்களின் சந்தாவிலும் உழைப்பிலும் ஓடும் பொதுக் கணினி; யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில், பலர் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து கட்டளை தட்டிப் பயன்படுத்துவது. 1987இல் அமெரிக்காவில் அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படம்) ரசிகர்கள் சிலருக்காக, ஓர் ஆப்பிள் டூ-ஈ கணினியில் தொடங்கியது. அன்று தொலைபேசி வழியே வினாடிக்கு 300 பிட் வேகம்; திரை முழுதும் எழுத்து நிரம்ப ஒரு நிமிடம் பிடிக்கும். இன்று நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடுகிறது; உலகின் எந்த மூலையிலிருந்தும் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழையலாம்.

நான் அதிகம் புழங்குவது அங்குள்ள அறிவிப்புப் பலகையில். பிபோர்டு என்று தட்டினால் பலகைகளின் பட்டியல் வரும். படம் இல்லை, விருப்பக்குறி இல்லை, எதை முதலில் காட்டலாம் என்று நமக்காக முடிவு செய்யும் நிரலும் இல்லை. எழுத்து மட்டும்தான். ஒரு கேள்விக்கு இரண்டு நாள் கழித்து விடை வரலாம். ஆனால் வருகிற விடை, எழுதியவர் தன் கணினியில் சோதித்துப் பார்த்த விடையாக இருக்கும். 'மட்' என்ற அஞ்சல் நிரலின் அமைப்புக் கோப்பில் நான் திணறியபோது, முகம் தெரியாத ஒருவர் தம் கோப்பை வரிவரியாக விளக்கி எழுதினார். அந்தப் பொறுமையை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். கணக்கு இலவசம்தான், ஆனால் முழு வசதிகளும் உடனே திறப்பதில்லை. சிறு தொகை அனுப்பித் தன்னை உறுதி செய்துகொள்ள வேண்டும். வாழ்நாள் உறுப்பினராக ஒரே முறை 36 டாலர். குப்பை அஞ்சல் அனுப்பவும் பிற கணினிகளைத் தாக்கவும் வருபவர்களை இந்தச் சிறு தடையே பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. பணம் கொடுத்தவர்கள் இடத்தைத் தங்களுடையதாகப் பார்க்கிறார்கள். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்கிறோம் என்ற நினைப்பும் எப்போதும் இருக்கிறது: 'ஹூ' என்று கேட்டால் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும்; கனமான நிரலை ஓடவிட்டால் அடுத்தவருக்கு வேகம் குறையும்.

மின்னஞ்சல், வலைப்பக்கம், கோஃபர் என்ற பழைய எழுத்துவழி இணையச் சேவை, இணைய வானொலி எல்லாம் உண்டு. அவற்றை நான் அளவோடுதான் தொட்டிருக்கிறேன்.

தமிழருக்கு உள்ள சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். முனையம் எனப்படும், கட்டளை தட்டும் எழுத்துத் திரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டத்தை ஒதுக்குவது. நம் கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. 'கொ' சிதறும், வரி நகரும், அழித்தால் வேறோர் எழுத்து போகும். இது எல்லா முனைய நிரல்களிலும் ஓரளவு இருக்கும் தொல்லை. ஆகவே பலகையில் ஆங்கிலத்திலும், அங்கேயே எனக்குக் கிடைத்த வலைப்பக்கத்தில் தமிழிலும் எழுதுகிறேன். கோப்பை என் கணினியில் எழுதி ஏற்றினால் உலாவி எழுத்துகளைச் சரியாகக் காட்டிவிடும்.

கட்டளை வரியைத் தொட்டே இராதவர்களுக்கு முதல் வாரம் கடினம். சேர்ந்தவுடன் உதவிப் பலகையின் பழைய பதிவுகளைப் படியுங்கள். உங்கள் சந்தேகங்களில் பாதிக்கு அங்கேயே விடை கிடைக்கும். மீதியைத் தயங்காமல் கேளுங்கள்.