பச்சிளங்குழந்தைகளுக்கான கேப்னோகிராஃப்: ஆறு ஆண்டு அனுபவம்

காரைக்குடியில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் எங்களிடம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மூச்சு என்பது 5 மில்லி அளவுதான். நிமிடத்துக்கு 50 மூச்சு என்றால் மொத்தமே 250 மில்லி. எங்கள் முதல் கருவி பெரியவர்களுக்கானது. நிமிடத்துக்கு 150 மில்லி காற்றை உறிஞ்சியது. குழந்தையின் மூச்சோடு வென்டிலேட்டரின் புதுக்காற்றும் கலந்து போனதால், எண் எப்போதும் குறைவாகவே நின்றது. ஒரு நாள் 24 (மி.மீ. பாதரசம்) காட்டியது. வென்டிலேட்டரைக் குறைக்க இருந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை 49 என்று வந்தது. என் வயிறு கலங்கிவிட்டது. நான்கே மாதத்தில் அதை மாற்றி, 50 மில்லி மட்டுமே எடுக்கும் கருவியை வாங்கினார்கள்.

இதிலும் எண் அப்படியே ரத்தத்தின் அளவு ஆகாது. நுரையீரல் முதிராத குழந்தைகளிடம் எட்டு, பத்து குறைவாகக் காட்டுவதைப் பார்க்கிறேன். மூச்சுக்குழாயில் போட்ட டியூப்பைச் சுற்றிக் காற்றுக் கசிந்தால் இன்னும் குறையும். ஆகவே ஒருமுறை ரத்தம் எடுத்து, இடைவெளி எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, பிறகு ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கிறோம். குதிகாலில் குத்துவது பாதியாகக் குறைந்திருக்கிறது. உடம்பு முழுவதும் 80, 90 மில்லி ரத்தமே உள்ள பிள்ளைக்கு அது பெரிய விஷயம். கரியமில வாயு மிகவும் குறைந்தால் மூளைக்கு ரத்த ஓட்டம் சுருங்கும். கூடினால் குறைப்பிரசவக் குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத்தான் இத்தனை பாடு.

தொல்லை என்றால் தண்ணீர்தான். வென்டிலேட்டரின் ஈரமான சூடான காற்று, மூச்சுக்காற்றைக் கருவிக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாயான லைன் ஏசி அறையில் குளிர்ந்திருக்க, அதற்குள் துளித்துளியாகப் படிந்து அடைத்துவிடும். லைன் பொருந்தும் முனையை மேல்நோக்கி வைத்தால் அடைப்பு குறைகிறது. ஆனாலும் திரையில் மூச்சை அலையாகக் காட்டும் கோடு தட்டையானால் நான் முதலில் பார்ப்பது குழந்தையின் மார்பை. லைன் அதற்குப் பிறகு.

இந்தப் பழக்கம் ஒரு குழந்தையை ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோன ஓர் இரவில் கைகொடுத்தது. பிள்ளையார்பட்டி தாண்டியதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. திரையில் அலை மறைந்தது. ஆக்சிஜன் அளவு அப்போதும் 94. மார்பு அசையவில்லை; டியூப் நழுவியிருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, மாஸ்க் வைத்துப் பையை அழுத்தினோம். ஆக்சிஜன் இறங்கத் தொடங்குவதற்குள் மார்பு ஏறி இறங்கியது. மருத்துவர் டியூப்பை மறுபடி போட்டதும் அலை திரும்பியது. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா, “ஆத்தா, பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா?” என்றார். “இருக்கிறது ஆச்சி, இதோ கோடு ஏறி இறங்குகிறது, பாருங்கள்” என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

டியூப் போட்டவுடன் பொருத்தும் ஊதா நிற அட்டைக் கருவியையும் வைத்திருக்கிறோம். மூச்சுக்குழாயில் இருந்தால் மஞ்சளாகும். இதயத்துடிப்பு மிகவும் மந்தமாக இருந்தால், டியூப் சரியான இடத்தில் இருந்தும் நிறம் மாறாமல் போகலாம்; மருந்து பட்டாலோ தவறாக மஞ்சளாகிவிடும்.

வாங்கும்போது உறிஞ்சும் அளவைக் கேளுங்கள். லைன்களைத் தாராளமாக வாங்கி வையுங்கள். எங்களுக்கு ஒரு குழந்தைக்கே இரண்டாவது லைன் தேவைப்படுகிறது, பெரும்பாலும் நள்ளிரவில்.