முக எலும்பு முறிவு: டைட்டானியத் தகடா, கரையும் தகடா?

உடைந்த முக எலும்பைச் சேர்த்துப் பிடிக்க டைட்டானியத் தகடும் உண்டு, உடலுக்குள் மெல்லக் கரைந்துவிடும் பாலிமர் தகடும் உண்டு. விறைப்பை மட்டும் பார்த்தால் இது போட்டியே அல்ல. டைட்டானியத்தின் மீள்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 110 ஜிகாபாஸ்கல். கரையும் தகட்டில் பயன்படும் பாலிலாக்டிக் அமிலத்துக்கு 3 அல்லது 4தான். அதை ஈடுகட்டக் கரையும் தகட்டைத் தடிமனாகச் செய்கிறார்கள். தோல் மெல்லியதாக இருக்கும் கண்குழி விளிம்பில் அது விரலுக்குத் தட்டுப்படும்.

திருகு இன்னொரு தலைவலி. டைட்டானியத் திருகு தானே எலும்பை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். பாலிமர் திருகுக்கோ பொதுவாகத் துளையில் முதலில் மரை வெட்டித் தர வேண்டும். சற்றே அழுத்தித் திருகினால் தலை முறிந்துவிடும். அறுவை அரங்கில் பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது.

கீழ்த்தாடை மெல்லும் விசையில் வளையும், முறுக்கப்படும். அங்கே என் வாக்கு டைட்டானியத்துக்கே. கன்ன எலும்பிலும் நெற்றியிலும் சுமை குறைவு. கரையும் தகடு போதும்.

எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலக் கலவை ஒன்று 8 வார முடிவில் தொடக்க வலுவில் சுமார் 70 சதவீதத்தை வைத்திருக்கிறது, ஓராண்டையொட்டிக் கரைகிறது. தூய பாலிலாக்டிக் அமிலம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கன்ன எலும்பில் அதைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வீக்கம் வந்ததும் உண்டு.

குழந்தைகள் விஷயம் வேறு: மண்டையோடு வளர வளர, டைட்டானியத் தகடு உட்பக்கம் போய்விடக்கூடும்.