பவளத் தொட்டிக்கு எல்இடி லைட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்: வாட் கணக்கை நம்பி 6 பவளங்களை இழந்தேன்

ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே லைட். நடுவில் வைத்திருந்த ஹேமர் பவளம் வெளுத்து, சதை சுருங்கி, சுண்ணாம்பு எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. இரண்டு ஓரங்களிலும் இருந்த மான்டிபோராக்கள் நிறமெல்லாம் போய் மரப்பட்டை போலப் பழுப்பாகிவிட்டன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று புரிவதற்குள் 3 மாதம் ஓடிவிட்டது. அதற்குள் 11 பவளங்களில் 6 போய்விட்டன. லைட் விற்றவர் சொன்னதை அப்படியே நம்பினேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி விற்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், அந்த வார்த்தைகளை எழுதுகிறேன்.

என் தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 2 வருடமாக அதன் மேல் நான்கு டி5 டியூப்கள் (மெல்லிய குழல் விளக்குகள்) எரிந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றும் 54 வாட். பவளங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் டி5 டியூப்கள் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒளியின் வலுவும் நிறமும் மெல்ல மாறிவிடும். 9 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் எல்இடி பக்கம் போனேன்.

“சார், இது 165 வாட் லைட். 4 அடிக்கு ஒண்ணே போதும். உங்க பழைய டியூபைவிட மூணு மடங்கு வெளிச்சம் வரும்” என்றார் லைட் விற்றவர். லூமன் எண் ஒன்றைக் காட்டினார். நீல ஒளியில் பவளங்கள் தகதகவென்று மின்னும் படங்களைக் காட்டினார். கடைசியாக ஒரு காகிதம்: ‘பி.ஏ.ஆர் 800’ (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) என்று பெரிதாக அச்சடித்திருந்தது. நான் மயங்கியது அதில்தான்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் வாட். அந்த லைட்டில் 55 டயோடுகள் (சின்னச் சின்ன எல்இடி விளக்குகள்), ஒவ்வொன்றும் ‘3 வாட்’ வகை. 55-ஐ 3-ஆல் பெருக்கினால் 165. அவ்வளவுதான் அந்தக் கணக்கு. டயோடு தாங்கக்கூடிய அளவு வேறு, லைட் உண்மையில் இழுக்கும் மின்சாரம் வேறு. பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, எல்லாவற்றையும் முழு அளவில் ஏற்றியும் 104 வாட்தான் காட்டியது. டயோடுகள் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று குறைவான மின்சாரத்தில் ஓட்டுவது தவறில்லை, நல்ல வழக்கம்தான். ஆனால் பெருக்கி வந்த எண்ணைப் பெட்டியில் போட்டு, என் 216 வாட் டியூப்களோடு ஒப்பிட்டுப் பேசியது ஏமாற்று.

லூமன் இதைவிட மோசம். லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்ற அளவு. நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான், அதாவது 555 நானோமீட்டர் பக்கம், மிகப் பிரகாசமாகத் தெரியும். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகளோ பெரும்பாலும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியைப் பிடித்துக்கொள்கின்றன. கடலில் கொஞ்சம் ஆழம் போனாலே சிவப்பு மறைந்து நீலம்தான் மிஞ்சும். அந்த வாழ்க்கைக்குப் பழகிய உயிர் அது. 450 நானோமீட்டர் நீல லைட் ஒன்று கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்துகொண்டே பவளத்துக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடும். அதிக லூமன் காட்ட வேண்டுமென்றால் வெள்ளை டயோடுகளைக் கூட்டினால் போதும். செல்போனில் லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் இன்னொரு அளவு) பார்ப்பதும் இதே கோளாறுதான்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலத்தை மட்டும் எரியவிட்டால் பவளத்தில் இருக்கும் ஒளிரும் புரதங்கள் மின்னும். நலிந்துகொண்டிருக்கும் பவளம்கூட அந்தப் படத்தில் அழகாகத்தான் இருக்கும்.

இப்போது பி.ஏ.ஆர். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில், ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (துகள்களை எண்ணும் அலகு) விழுகின்றன என்பதே இந்த எண். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் உச்சி வெயிலில் 2000 அளவுக்கு வரும். வீட்டுத் தொட்டியில் மஷ்ரூம், மென்பவளங்களுக்கு 50 முதல் 100 போதும். ஹேமர், டார்ச் மாதிரியானவற்றுக்கு 80 முதல் 150. மான்டிபோரா, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை கொடுப்பார்கள். ஆக, பவளத்துக்குப் பார்க்க வேண்டிய எண் பி.ஏ.ஆர்தான். அதனால்தான் அந்தக் காகிதம் என்னை வீழ்த்தியது. சரியான அளவுகோலைப் பேசுகிறாரே, விவரம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டேன். எங்கே வைத்து அளந்த 800 என்று மட்டும் கேட்கவில்லை.

தண்ணீருக்கு 20 செ.மீ. மேலே லைட்டைத் தொங்கவிட்டு, அவர் சொன்னபடி முதல் நாளே 70 சதவீதத்தில் ஓட்டினேன். “எல்இடி குளிர்ச்சியான வெளிச்சம் சார், பயப்படாதீங்க” என்றார். எல்இடியின் ஒளிக்கற்றையில் வெப்பம் குறைவு, தண்ணீர் அவ்வளவாகச் சூடாகாது, அது உண்மை. ஆனால் பவளத்தின் மேல் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை அதனால் குறைந்துவிடாது.

4-ஆம் நாள் நடுவிலிருந்த மஷ்ரூம்கள் சுருங்கிப் பொத்தான் அளவாயின. 2-ஆம் வாரம் ஹேமர் விரியவே இல்லை. அதே நேரத்தில் ஓரத்தில் இருந்த ஸோஅந்தஸ் பவளம் ஒளியைத் தேடிக் கழுத்தை நீட்ட ஆரம்பித்தது. விற்றவருக்குப் போன் செய்தேன். “ஓரத்துக்கு வெளிச்சம் பத்தல சார், 100-க்கு ஏத்துங்க. நடுவுல இருக்கறது தண்ணிப் பிரச்சினை” என்றார். நுண்தாதுக் கரைசல் ஒரு பாட்டிலும் விற்றார். நான் 100-க்கு ஏற்றினேன். பாட்டிலையும் வாங்கி ஊற்றினேன். இதை எழுதும்போது இன்னும் நெஞ்சு வலிக்கிறது. அந்த ஹேமரை இரண்டு தலைகளோடு வாங்கி ஐந்து தலைகள் வரை வளர்த்திருந்தேன்.

தண்ணீரைப் பரிசோதித்தேன், ஒரு முறையல்ல, வாரம் இரண்டு முறை. ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8.2 டி.கே.எச், கால்சியம் 420, மக்னீசியம் 1310, நைட்ரேட் 5, உப்பு அடர்த்தி 1.025. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் தண்ணீரையே சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். அந்த நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதியைக் கொடுக்கின்றன. தாங்க முடியாத ஒளி விழுந்தால் அவற்றின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறி, செல்களைச் சிதைக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெளுப்பது இதனால்தான். ஒளி குறைவாக இருந்தால் நேர் எதிர்: கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்க, பாசிகளும் அவற்றின் நிறமிகளும் பெருகுகின்றன. பாசியின் நிறம் பழுப்பு என்பதால் பவளமும் பழுப்பாகிறது. நடுவில் இருந்தவை ஒளி மிகுந்தும், ஓரத்தில் இருந்தவை ஒளி இல்லாமலும் ஒரே லைட்டுக்குக் கீழே வாடிக்கொண்டிருந்தன. 100-க்கு ஏற்றச் சொன்ன அந்தப் பேச்சு ஓரத்தையும் காப்பாற்றவில்லை, நடுவையும் கொன்றுவிட்டது.

இது தெரியவந்தது, நண்பர் ஒருவர் தண்ணீருக்குள் இறக்கும் பி.ஏ.ஆர் மீட்டரோடு வீட்டுக்கு வந்த அன்று. தொட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 20 செ.மீ. ஆழத்தில் அளந்தோம். லைட்டுக்கு நேர் கீழே 510. ஒரு அடி தள்ளினால் 130. இரண்டு ஓரங்களிலும் 35. மூலையில் மணல் மட்டத்தில் 20-ஐத் தொடவில்லை. பழைய டி5-ஐ மறுபடி மாட்டி அதே இடங்களில் அளந்தோம்: நடுவில் 140, ஓரத்தில் 95. நான் கழற்றி வைத்த டியூப்கள் தொட்டி முழுக்க ஏறக்குறைய சீராக ஒளி கொடுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அந்த எல்இடியில் ஒவ்வொரு டயோடின் மேலும் குறுகிய கோண லென்ஸ் ஒன்று இருக்கிறது. ஒளியை ஒரே இடத்தில் குவித்து, நடுவில் பெரிய எண்ணாகக் காட்டுவதற்கு அது மிகவும் வசதி.

காகிதத்தோடு அவரிடம் போனேன். எங்கே அளந்தது என்று கேட்டேன். லைட்டிலிருந்து 30 செ.மீ. தூரத்தில், காற்றில், நேர் நடுவில் என்றார். அதாவது 800 என்பது பொய்யான எண்ணாகக்கூட இருக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் ஓரத்தில் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டதில்தான் ஏமாற்று இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். “உப்புத் தண்ணி பட்ட லைட்டை எடுக்க மாட்டோம்” என்றார். பிறகு, இன்னொரு லைட் வாங்கி இரண்டாக மாட்டினால் சரியாகிவிடும் என்றார். 4 அடித் தொட்டிக்கு 2 அடிக்கு ஒரு லைட் என்பது உண்மையிலேயே சரியான யோசனை. அது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னால் மன்னிக்க முடியாத விஷயம். ஹாலில் எரியும் பல்பைப் பற்றி நாங்கள் பேசவில்லை, உயிர்களைப் பற்றிப் பேசினோம்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். ‘முழு ஸ்பெக்ட்ரம்’ (எல்லா நிற ஒளியும் உண்டு) என்று அவர் கொடுத்த வரைபடமும், அதே கடையில் வேறொரு மாடலுக்கு ஒட்டியிருந்த வரைபடமும் அச்சு அசல் ஒன்றே. டயோடுகள் வேறு, எண்ணிக்கை வேறு, வரைபடம் மட்டும் ஒன்று.

நீங்கள் வாங்கப் போகும்போது வாட், லூமன், கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் தொட்டியின் நீள, அகல, ஆழத்தைச் சொல்லி, அந்த அளவில், தண்ணீருக்குள், பல இடங்களில் அளந்த பி.ஏ.ஆர் கட்டப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றை எண்ணைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த மீட்டரில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். பழைய வகை சென்சார்கள் சில நீல ஒளியைக் குறைத்துக் காட்டும். லென்ஸ் கோணம் எத்தனை, நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்க வருமா, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பி.ஏ.ஆர் மீட்டரைச் சொந்தமாக வாங்க முடியாவிட்டாலும் ஒரு நாளுக்கு இரவல் வாங்கப் பாருங்கள். பவளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்டால் கொடுப்பார்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு லைட்டை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். நான் லென்ஸ்களைக் கழற்றிவிட்டு, உயரத்தை 40 செ.மீ. ஆக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு டி5 டியூபைச் சேர்த்து மாட்டியிருக்கிறேன். 25 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் மட்டும் ஏற்றினேன், ஒரு நாளைக்கு 8 மணி நேரம். இப்போது நடுவில் 160, ஓரத்தில் 90. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சதை ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, ஒளியைக் குறைத்து, நல்ல நீரோட்டத்தில் வைத்து, நுண்ணிய உணவு கொடுத்தால் பாசிகள் திரும்பப் பெருக வாய்ப்பு இருக்கிறது. ஹேமரின் ஐந்து தலைகளில் ஒன்று அப்படித்தான் மிஞ்சியது. பழுப்பானவற்றைத் திடீரென்று ஒளிக்கு நடுவே கொண்டுபோய் வைக்காதீர்கள். அவை குறைந்த ஒளிக்குத் தங்களை மாற்றிக்கொண்டவை, வெளுத்துவிடும்.

கடைசியாக, பவளத்தைவிட முக்கியமான ஒன்று. லென்ஸைக் கழற்ற லைட்டைத் திறந்தபோது, பிளக்கிலிருந்து வந்த எர்த் வயர் உலோக உடம்போடு இணைக்கப்படாமல் உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உப்பு ஈரம் ஏறும் இடத்தில், கையை அடிக்கடி தண்ணீருக்குள் விடும் இடத்தில், ஒரு உலோகப் பெட்டி எர்த் இல்லாமல் 3 மாதம் தொங்கியிருக்கிறது. லைட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை இணைப்பு பார்க்கும் (கன்டின்யூட்டி) நிலையில் வைத்து, அதன் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் முள்ளிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவிலும் வையுங்கள். பீப் ஒலி வரவில்லையென்றால், எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சரிசெய்யும்வரை அந்த லைட்டை மறுபடி மாட்டாதீர்கள்.